விளக்கை மறைத்துக் கேட்டவர்

சாப்பாடு எப்படி இருக்கிறது என்று பக்கத்துத் தோப்பு அக்காவிடம் மட்டும் கேட்கக் கூடாது. எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று தெரியாமல் கேட்டுவிட்டேன். இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“டீச்சர், எனக்கு உங்களைப் புடிக்கும். போன வாரம் உங்க ஊட்டு முருங்கக்காய் வேற வாங்கிட்டுப் போயிருக்கறன். அதனால என்ற பேச்சு இதுல செல்லாதுங்க. அந்தப் பந்தல்காரரைக் கேளுங்க. அவருக்கு நீங்க யாருன்னே தெரியாது.”

பந்தி முழுக்கச் சிரித்தது. அடுத்த இலையில் இருந்த பால் சொசைட்டி செக்ரட்டரி, “சத்தியவாங்மூலம் குடுத்தாச்சு. இனி மோர் ஊத்துங்கப்பா” என்றார். இங்கே பஞ்சாயத்து ஆபீசில் எதற்குப் போய் நின்றாலும் எழுதிக் கேட்கும் உறுதிமொழிக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். மலையாள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதிப் பக்கத்து எங்கள் தமிழ் ஊரில் அக்காவின் பட்டப்பெயரும் அதுவே. அவருக்கும் தெரியும். “நல்ல பேருதானுங்களே” என்பார்.

ஸ்பீக்கர், ஹெட்போன், பாட்டுக் கேட்கும் கருவிகள் இவற்றைச் சோதித்து மதிப்புரை எழுதுவது அவருடைய வேலை. அப்படி ஒரு வேலை உலகத்தில் உண்டு என்று எங்கள் ஊரில் யாரையும் நம்பவைக்க முடியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து கூரியர் வண்டி தென்னந்தோப்புக்குள் நுழைந்து பெரிய பெரிய பெட்டிகளை இறக்கிவிட்டுப் போகும். சில வாரம் கழித்து அதே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும். தோப்பில் மட்டை பொறுக்க வரும் அம்மாள் ஒருநாள் கேட்டார்:

“ஏனுங்கம்மிணி, இதுல ஒண்ணு வித்தா உங்களுக்கு எவ்வளவு நிக்கும்?”

“விக்கறதில்லீங்க. நல்லா இருக்குதா இல்லியான்னு கேட்டு எழுதறனுங்க.”

“கேட்டுட்டு?”

“திருப்பி அனுப்பிச்சுருவேன்.”

“அதுக்கா இத்தாம்பெரிய பொட்டி?” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் அந்தத் திருப்பி அனுப்புவதில்தான் அக்காவின் உயிரே இருந்தது. வந்திறங்கும் ஒவ்வொரு கருவியின் நெற்றியிலும் முதலில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுவார். ‘இரவல்’ என்று எழுதியிருக்கும். விருந்தாளி யாராவது சோபாவில் உட்கார்ந்து, “ஆகா, என்ன சத்தம்” என்று ஆரம்பித்தால் அந்தத் தாளைக் காட்டிவிட்டுத்தான் பேசவிடுவார். இந்தத் தொழிலில் யாரும் கையில் பணம் கொடுப்பதில்லை என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். மதிப்புரைக்கு என்று கொடுத்த கருவியைத் திருப்பிக் கேட்காமல் இருந்துவிடுவார்களாம். ஒரு வருடம் வீட்டில் பாடிய ஸ்பீக்கரை யாருக்குத் திட்ட மனம் வரும்?

“கேக்கவே மாட்டாங்க டீச்சர். மறந்த மாதிரி இருப்பாங்க. நாமளும் மறந்த மாதிரி இருக்கோணும்.”

சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவர் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். கொச்சியிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் குறை சொல்லி எழுதிய ஒரு மதிப்புரையை, அந்தக் கம்பெனியின் விளம்பரம் முடிகிற வரைக்கும் நிறுத்திவைத்தார்களாம். அத்தோடு அங்கிருந்து வெளியே வந்து, சொந்தமாக ஒரு இணையப் பக்கம் தொடங்கினார். தேங்காயும் பாக்கும் சாப்பாடு போட்டன.

ஆனி, ஆடி மாதங்களில் எதையும் சோதிக்க மாட்டார். கணவாய்க் காற்று மலை இடுக்கில் புகுந்து தென்னைகளைப் பிடித்து உலுக்கும்போது, கனத்த ஒலிகளை என் அறையில் நம்ப முடியாது என்று பக்கத்தின் உச்சியிலேயே எழுதிப் போட்டுவிடுவார். மற்ற மாதங்களில் எங்களையும் கூப்பிடுவார். அறைக்குக் குறுக்கே போர்வை கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு கருவிகளை வைப்பார். அடுத்த அறையில் யாராவது காசைச் சுண்டி, விழுந்தபடி மாற்றி மாற்றிப் போட வேண்டும். எது பாடுகிறது என்று அவருக்கும் தெரியக் கூடாது. முதல் தடவை நான் ஒன்றைச் சொல்லி, “இதுதான் தெளிவு” என்று அடித்துப் பேசினேன். அக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார்.

“ரெண்டும் ஒரே மெசின் டீச்சர். ரெண்டாவது தடவை ஒரு துளி சத்தத்தைக் கூட்டி வெச்சாங்க. காதுக்குக் கொஞ்சம் பெருசா வந்தா நல்லா இருக்குதுன்னு மனசு சொல்லிரும். இதுல உங்க தப்பு ஒண்ணுமில்லை. கம்பெனிக்காரங்களும் இதைத்தான் பண்றாங்க.”

அவரை நேசித்தேன். அதே அளவுக்குப் பயமும் இருந்தது. எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாட்டுப் போட்டிக்கு நடுவராக அழைத்திருந்தோம். முடிவு சொல்கிற நேரத்தில் மைக்கைப் பிடித்து, “மூணாவதாப் பாடின புள்ளையோட அம்மாதான் எனக்குப் பால் ஊத்தறாங்க. அந்தப் புள்ளைக்கு நான் போட்ட மார்க்கைக் கணக்குல எடுக்காதீங்க” என்றார். அந்தக் குழந்தைதான் நன்றாகப் பாடியிருந்தது. மேடைக்குக் கீழே நின்று அழுதது. அப்புறம் பல நாள் மற்ற பிள்ளைகள் அதை ‘பால் மார்க்கு’ என்று கூப்பிட்டார்கள். நான் கடிந்துகொண்டேன்.

“சொல்லாம இருந்திருக்கலாமில்ல அக்கா?”

“பொறவு தெரிஞ்சா அந்தப் புள்ள செயிச்சதே பொய்யாயிருங்களே டீச்சர்” என்றார். அழுத குழந்தையை அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

என் மகனுக்குப் பாட்டுக் கருவிகள் மேல் எப்படி ஆசை வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அக்காவால் இல்லை. “இந்தப் பொழப்பு வேண்டாம் சாமி, கடைசில உனக்குச் சிநேகிதம்னு யாரும் மிஞ்ச மாட்டாங்க” என்றுதான் அவர் சொன்னார். அவன் என்ஜினியரிங் முடித்து, பெங்களூரில் ஒரு ஆடியோ இணையப் பத்திரிகையில் சேர்ந்தான். எழுதுவான், வீடியோவில் பேசுவான். அவன் முகம் தெரியாதவர்கள் அவனைப் பாராட்டி எழுதுவதை நான் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காட்டுவேன்.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது கையடக்கமான ஒரு கருவியைக் கொண்டுவந்தான். பாட்டுகளைச் சேமிக்கப் புதிதாக ஒரு முறையைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். பாடகர் ஸ்டுடியோவில் கேட்டது எதுவோ அதையே நாம் வீட்டில் கேட்கலாம் என்றான். அசல் பாட்டு ஓடும்போது கருவியில் ஊதா விளக்கு எரியும். அது எரிந்தால் யாரும் கை வைக்காத, ஸ்டுடியோ முத்திரை போட்ட பாட்டு என்று அர்த்தம். அவனுடைய பத்திரிகையும் மற்றப் பத்திரிகைகளும் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடின. அவன் பேசிய வீடியோ அப்போதே வெளியாகியிருந்தது. அதில் விளக்கு எரிகிற நொடியில் கண்ணை மூடி, கையை உயர்த்தி, “இப்பக் கேளுங்க… இப்ப!” என்பான்.

எங்கள் கூடத்திலும் அதேபோலச் செய்து காட்டினான். விளக்கு எரிந்தது. எனக்குமே ஒரு திரை விலகியதுபோல இருந்தது. அக்காவைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் கேட்டார், தலையாட்டினார், அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“இந்தப் பாட்டை வேற மெசின்ல போட்டாப் பாடுமா சாமி?”

“முழுசாப் பாடாது பெரியம்மா. லைசென்ஸ் வாங்கின மெசின்லதான்.”

“உள்ள என்ன பண்ணியிருக்காங்கன்னு நாம தொறந்து பாக்க முடியுமா?”

“அது அவங்க ரகசியம்.”

“அப்பப் பாட்டு நம்ம ஊட்டுல இருக்குது, சாவி அவங்ககிட்ட இருக்குது. பதியறவனும் விக்கறவனும் கேக்கறவனும் ஆளாளுக்கு அவங்களுக்குக் கப்பம் கட்டோணும். சரி, அதையும் உடு. நல்லாக் கேக்குதுன்னு எதை வெச்சு எழுதினே?”

“என் காதை வெச்சு” என்றான். அவனுக்குச் சுருக்கென்றிருந்தது.

“விளக்கை மறைச்சுட்டுக் கேக்கலாமா?”

அவன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். அக்கா வீட்டில், போர்வைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். விளக்கின் மேல் கறுப்பு டேப்பு. அடுத்த அறையில் மட்டை பொறுக்கும் அம்மாள் காசு சுண்டினார். ஒரே பாட்டு, ஒரு தடவை சாதாரணமாக, ஒரு தடவை புது முறையில். சத்தம் இம்மியும் மாறாமல் அக்கா அளந்து வைத்திருந்தார். என் மகன் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. திரும்பவும் கேட்டான். அப்போதும் அப்படித்தான். காது கேட்காத ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு சரியாக இருந்திருக்கும்.

அந்தக் கருவியை ஒரு வாரம் அக்காவிடம் விட்டுவைத்தான். அது அவன் தைரியமா, வீம்பா, தெரியாது. அக்கா அந்தப் பாட்டுக் கோப்பின் ஒரு பகுதியை வேண்டுமென்றே வெட்டிச் சிதைத்து ஓடவிட்டார். ஊதா விளக்கு அப்போதும் எரிந்தது. யாரும் கை வைக்கவில்லை என்று சொல்லும் விளக்கு, அவர் கை வைத்த பிறகும் அதையே சொன்னது.

“இதை எழுதாதீங்க பெரியம்மா” என்றான் என் மகன்.

“எழுதாம முடியாது சாமி. சனங்க இதை நம்பி இருக்கற பாட்டையெல்லாம் மாத்தி வாங்கறாங்க.”

அன்று சாயங்காலம் நான் மட்டும் போனேன். எழுதுவதை எழுதுங்கள், என் பிள்ளையை இதில் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டேன்.

“பேர் போட மாட்டனுங்க டீச்சர். ஆனா மெசின் யார் மூலமா வந்துச்சுன்னு சொல்லோணும். அதை மறைச்சா மத்தவங்க பண்றதையேதானுங்க நானும் பண்றேன்.”

“வேற ஒண்ணு வாங்கித் திரும்பச் சோதிங்க அக்கா. நான் வாங்கித் தர்றேன்.”

“நீங்க வாங்கிக் குடுத்தா அதையும் எழுதோணும்” என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. “நானே வாங்கினாலும், மொதல்ல கேட்டது இதுலதானுங்களே.”

எழுதினார். ‘இந்தக் கருவியைக் கொண்டுவந்தவர் என் பக்கத்து வீட்டுப் பிள்ளை. இதைப் பாராட்டிய ஒரு பத்திரிகையில் வேலை செய்கிறார். அவர் வீட்டில் நான் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் கேட்டது. விளக்கை மறைத்த பிறகு கேட்கவில்லை.’ இவ்வளவுதான். அது யாரென்று கண்டுபிடிக்க வாசகர்களுக்கு ஒரு பகல் போதுமானதாக இருந்தது.

‘அவர் பொய் சொல்லவில்லை’ என்ற வரியை ஒருவரும் எடுத்துப் போடவில்லை. “இப்பக் கேளுங்க… இப்ப!” என்று அவன் கையை உயர்த்தும் துண்டை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அதில் மாடு கத்துவதைச் சேர்த்தார்கள், மிக்ஸி ஓடுவதைச் சேர்த்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் போனில்கூட அதைப் பார்த்தேன். அக்கா அந்த ஆட்களுக்கெல்லாம் பதில் எழுதி, விடுங்கள், அவர் நல்ல பிள்ளை என்று கெஞ்சினார். அவர் எழுத எழுத அது பெரிதானது. பத்திரிகை ஆசிரியரோ, கருவியை வெளியாள் கையில் கொடுத்தது விதிமீறல் என்று சொல்லி என் மகனை வேலையிலிருந்து நீக்கினார். அதே மாதிரிக் கட்டுரைகளை எழுதிய மற்றவர்கள் எல்லோரும் இன்றைக்கும் அந்தந்த நாற்காலியில்தான் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. பாட்டு இல்லை, டிவி இல்லை. நான் மோட்டார் ரூமில் இருந்த பூச்சி மருந்து டப்பாக்களைத் தூக்கி அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அவன் கிணற்றுப் பக்கம் நடந்தால் துணி காயப்போடுகிற சாக்கில் பின்னாலேயே போவேன். தட்டில் வைத்த சோறு காய்ந்து திரும்பி வரும். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் மில்லுக்கு அடிக்கடி போன் செய்து, ஒன்றுமில்லை, சும்மாதான் என்று வைத்துவிடுவேன்.

அப்படியே ஒரு மழைக்காலம் போனது. ஒருநாள் அக்காவின் தோப்புக்குப் போய் அவர் முன்னால் நின்றேன்.

“அன்னைக்குச் சோதனைல ஏதோ தப்பு நடந்துபோச்சுன்னு அவன்கிட்டச் சொல்லுங்க அக்கா. ஊருக்குச் சொல்ல வேண்டாம். அவன் ஒருத்தனுக்கு மட்டும். ஒயர் மாறிப்போச்சு, ஏதாச்சும்.”

அவர் காலடியில் கிடந்த மட்டையை எடுத்து ஓரமாகப் போட்டார்.

“என் பிள்ளை செத்துருவான் அக்கா.”

இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் கேட்பேன்.

மறுநாள் காலையில் வந்தார். என் மகன் கூடத்தில் வந்து உட்கார்ந்தான். அக்கா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்:

“சாமி, அன்னைக்கு நான் ஒயரை மாத்திப் போட்டுட்டேன். ரெண்டு பக்கமும் ஒண்ணேதான் பாடியிருக்குது. இப்பத்தான் கவனிச்சேன். அந்தச் சோதனை தப்பு. உன்ற காது மேல குத்தமில்லை.”

வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பொய்யாக இருந்திருக்கும். பேச்சுப் போட்டியில் மனப்பாடம் ஒப்பிக்கும் பிள்ளைபோலச் சொன்னார்.

என் மகன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். “அப்படிங்களா பெரியம்மா” என்றான். பிறகு மெதுவாக, “அப்பத் திருத்தம் போடுங்க” என்றான்.

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, சரி என்று சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அவர் எழுந்து, என்னையும் பார்க்காமல், வெயிலில் இறங்கி நடந்து போனார்.

அடுத்த வாரம் அவருடைய பக்கத்தில் ஒரு சிறு அறிவிப்பு வந்தது. ‘நான் செய்த ஒரு சோதனையைப் பற்றி, அதில் கலந்துகொண்ட ஒருவரிடம், அது தப்பு என்று பொய் சொன்னேன். சோதனை தப்பு இல்லை. ஆனால் ஒரு சோதனையைப் பற்றிப் பொய் சொன்னவள் இனி இங்கே எழுதக் கூடாது. இத்துடன் நிறுத்துகிறேன்.’ என்னைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறவர் அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை.

தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உடுமலைப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். சொல்லிக்கொள்ள வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை.

அதற்குள் அந்தப் பாட்டு முறையை இன்னொரு கம்பெனி வாங்கி, புதுப் பெயர் வைத்து மறுபடி சந்தைக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. பத்திரிகைகளுக்கு மறுபடி விளம்பரம் வரும் நேரம். அவர்கள் அக்காவின் அறிவிப்பில் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்தார்கள். ‘ஒரு சோதனையைப் பற்றிப் பொய் சொன்னேன்.’ ‘சோதனை தப்பு இல்லை’ என்ற அடுத்த வாக்கியம் எங்கேயும் வரவில்லை. விளக்கைப் பற்றிய அந்தப் பழைய கட்டுரையே பொய் என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எழுதினார்கள். அதுதான் இப்போது எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

பழைய ஆசிரியர் என் மகனைக் கூப்பிட்டார். உனக்கு நடந்தது அநியாயம், திரும்பி வா, அந்தச் சோதனையில் நேரில் இருந்தவன் நீதான், அது பொய் என்று நீயே எழுது என்றாராம்.

அன்று மத்தியானம் அவன் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். இரண்டாவது தடவை சோறு கேட்டான். எத்தனை மாதம் கழித்து! நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் நின்றேன். பேசியிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள், தட்டு காய்ந்து திரும்பி வருவதைப் பார்க்காதவர்கள்.

பெட்டி கட்டும்போதுதான் கேட்டேன்.

“கண்ணு, நெசமாவே அன்னைக்கு உனக்கு அந்த வித்தியாசம் கேட்டுச்சா?”

மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“மொதல்ல கேட்டுச்சும்மா. சத்தியமாக் கேட்டுச்சு. பெரியம்மா வெச்ச சோதனைல கேக்கல. அவங்க செஞ்சதுதான் சரி.”

“அப்ப இப்பப் போயி…”

“இப்பக் கேக்க வேண்டியதே இல்லம்மா” என்றான். “எழுதினாப் போதும்.”

சட்டையைப் பெட்டியில் வைத்து மூடினான். கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான்.